மச்சான் விட்ட வெள்ளை மாடு

"மாப்ள, நீ சொன்னது வந்துச்சு. வெள்ளையா, மினுமினுன்னு. கண்ணால பாத்துட்டேன்."

மச்சான் போனில் இப்படிச் சொன்னபோது நான் பட்டறையின் உதிரிபாக அறையில் ஏணி மேல் நின்று பிரேக் ஷூ தேடிக்கொண்டிருந்தேன். அவனியாபுரத்தில் கார் பட்டறை ஒன்றில் பாகங்களை எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை தெரியாது.

"எதையும் தொடாதீங்க மச்சான். அப்படியே கீழ வைங்க. இந்தா, வண்டிய எடுத்துட்டேன், வாரேன்" என்றேன்.

"நீ வந்து என்னத்தச் செய்யப் போற. விட்டுட்டேன்ல."

விட்டுட்டேன் என்றால் என்ன பொருள் என்று மூளைக்குப் போய்ச் சேரவே கொஞ்ச நேரம் பிடித்தது. வெளியே யாரோ டிங்கர் வேலை செய்யும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு வாடிக்கையாளர் ஒருவருக்கு முன்சக்கரத்துக்குப் பதில் பின்சக்கரத்து பேரிங்கைக் கொடுத்து அனுப்பினேன் என்று மறுநாள் முதலாளி சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

விஷயம் இதுதான். என்னிடம் கையடக்கமான விளையாட்டுப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு ஊர், காடு, மலை, இடுப்புயரப் புல்வெளி. புல்லுக்குள் நம் ஆளை நடக்கவிட்டால் திடீரென்று உலகத்தில் இல்லாத ஒரு விலங்கு எதிரே வந்து நிற்கும். பந்தை வீசி அதைப் பிடித்துச் சேர்த்து வைக்க வேண்டும். நாற்பதை நெருங்குகிற ஒருவன் இதைக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறான் என்று தெரிந்தால் பட்டறைப் பையன்கள் என்னை ஓட்டியே தீர்த்துவிடுவார்கள். அதனால் அங்கே மூச்சு விட்டதில்லை.

இந்த விலங்குகள் ஒவ்வொன்றுக்கும் நிறம் மாறிய ஒரு வடிவம் உண்டு. அது லேசில் வராது. ஒரே விலங்கை ஆயிரக்கணக்கில் பார்த்துப் பார்த்துத் தள்ளிவிட்டால் எப்போதாவது ஒன்று வேறு நிறத்தில் வரும், வராமலும் போகும். நான் தேடியது மான் உடம்பும் காளைக் கொம்பும் கொண்ட ஒன்று. வழக்கமாகப் பழுப்பாக இருக்கும். நிறம் மாறினால் பால் வெள்ளை, வரும்போதே உடம்பைச் சுற்றி நட்சத்திரமாகத் தெறிக்கும். வருசம் ஒன்று தாண்டிவிட்டது, நான் பார்த்ததெல்லாம் பழுப்புதான். பஸ்ஸில், சாப்பாட்டு இடைவேளையில், மாமியார் வீட்டு விசேஷத்தில், எங்கே ஐந்து நிமிடம் கிடைத்தாலும் புல்லுக்குள் நடந்துகொண்டிருந்தேன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். திருவாதவூர்க்காரர். மாடுபிடிக்கிறவர். வேலை என்னவென்று கேட்டால் விவசாயம் என்று சொல்வார், ஆனால் தை பிறந்தால் அவரை வயலில் பார்க்க முடியாது. போன பங்குனியில் மேலூர்ப் பக்கம் ஒரு மஞ்சுவிரட்டில் காளை ஒன்று அவரைத் தூக்கிக் கட்டைச் சுவரில் அடித்தது. தொடை எலும்பு இரண்டாகி, உள்ளே கம்பி வைத்தார்கள். இன்னொரு அடி அதே காலில் பட்டால் கால் தங்காது என்று டாக்டர் எங்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டே சொன்னார். பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துபோக வசதி என்று எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொண்டோம்.

காலை நீட்டி உட்கார்ந்தே இருக்கும் மனிதருக்கு டிவி எத்தனை நாள் ஓடும்? முகம் செத்துப்போய்க் கிடந்தார். ஒருநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது பெட்டியை அவர் கையில் கொடுத்தேன். என் சுயநலமும் அதில் இருந்தது, நான் பட்டறையில் இருக்கும் நேரத்திலும் புல்லுக்குள் ஆள் நடக்கும் அல்லவா?

"பழுப்பா வந்தா 'ஓடு'ன்னு இருக்குல்ல, அத அமுக்கிட்டு மறுபடி நடங்க. வெள்ளையா வந்தா எதையும் தொடாதீங்க. எனக்குப் போன் போடுங்க" என்று சொல்லிக் கொடுத்தேன்.

"அம்புட்டுத்தானா? மாடு மேய்க்கிற வேலைதான்" என்றார். அவருக்கு அதற்குள் இருந்த எல்லாமே மாடுதான். பறவை வந்தாலும் மாடு, மீன் வந்தாலும் மாடு.

அந்த வெள்ளை வந்து நின்றால் அது பாட்டுக்கு நின்றுகொண்டே இருக்கும் என்பதுதான் கொடுமை. நாம் ஏதாவது ஒன்றை அமுக்கும்வரை அது அசையாது. சார்ஜரில் போட்டுவிட்டால் நான் சாயங்காலம் வந்து முகம் கழுவி, காபி குடித்துவிட்டு நிதானமாகப் பிடித்திருக்கலாம். வீட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போகும் வழியெல்லாம் இதையேதான் நினைத்துக்கொண்டு போனேன்.

மச்சான் கட்டிலில் உட்கார்ந்து நிதானமாக அவித்த கடலை தின்றுகொண்டிருந்தார்.

"எதுக்கு விட்டீங்க?" என்று கேட்டேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன மாப்ள இப்பிடிக் கேக்குற. நான் அதுக்குள்ள எறங்கி முதமுதல்ல பாத்த வெள்ளை. கோயில் மாடுல்ல அது. அத எவனாச்சும் தொடுவானா?"

எங்கள் பக்கத்தில் ஜல்லிக்கட்டு தொடங்கும்போது வாடிவாசலிலிருந்து முதலில் வருவது கோயில் மாடு. எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும் அதன் மேல் கை வைக்கமாட்டான். ஒதுங்கி வழிவிட்டுக் கும்பிட்டு அனுப்பிவிட்டு, அப்புறம்தான் மற்ற மாடுகள். இது எனக்குத் தெரியாததில்லை. என் வீட்டிலிருந்து வாடிவாசல் கூப்பிடு தூரம். ஆனால் சீனாவிலோ எங்கோ செய்த ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அந்த வழக்கம் போய் நிற்கும் என்று யாருக்குத் தோன்றும்?

"கும்பிட்டுத்தான் அனுப்பிச்சேன்" என்று வேறு சொன்னார், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று.

சமையலறையிலிருந்து என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டு மாதக் கணக்காகியிருந்தது, ஆனால் அன்றைக்கு அது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இரண்டு நாள் மச்சானிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு இறங்கவில்லை என்று சொன்னால் மிகையாகத் தெரியும், இறங்கத்தான் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் அவரே கூப்பிட்டார். "மாப்ள, கோயில் மாடு போயிருச்சு. இனி வாடி தொறந்தாச்சு. எது வந்தாலும் பிடிக்கலாம். எப்பிடிப் பிடிக்கிறதுன்னு மட்டும் சொல்லிக் குடு. நான் விட்டத நானே பிடிச்சுத் தாரேன்."

"அது இனி எந்தக் காலத்துல வரும்னு தெரியாது மச்சான்."

"எனக்கு மட்டும் என்ன ஆபீசா இருக்கு?"

சொல்லிக் கொடுத்தேன். அந்த விலங்கு பயந்த சுபாவம், நேரே பந்தை வீசினால் ஓடிவிடும். முதலில் தூங்க வைக்க வேண்டும், பிறகு வீச வேண்டும். மச்சானுக்கு இது பிடிக்கவில்லை. "தூங்குற மாட்டப் பிடிக்கிறது ஒரு பெருமையா?" என்று முகத்தைச் சுளித்தார். ஆனாலும் பழகினார். பழுப்பு வரும்போதெல்லாம் அவருடைய தோள் முன்னால் போகும், தாடை இறுகும், விலங்கு பாய்ந்தால் கட்டிலில் இருந்தபடியே உடம்பை இடதுபுறம் சாய்த்து விலகுவார். அவருடைய அத்தனை வருச அனுபவமும் அந்தப் பெட்டிக்குள் காலணாவுக்குப் பிரயோஜனமில்லை. அங்கே நடப்பது வெறும் குலுக்கல். அதைச் சொன்னாலும் அவர் நம்பவில்லை, அதன் கண்ணைப் பார்த்தால் தெரிகிறது என்பார்.

ஐப்பசி மழையில் ஊன்றுகோலோடு நடந்தார், கார்த்திகையில் ஊன்றுகோலை மூலையில் சாய்த்துவிட்டுக் கொஞ்சம் விந்தி விந்தி நடந்தார். நாங்கள் மகிழ்ச்சியாக இருந்தோம். என் மனைவி மட்டும் அவர் நடப்பதைப் பார்க்கும்போது முழுசாகச் சிரிக்கமாட்டாள். நடக்க ஆரம்பித்துவிட்டார், தை வரப் போகிறது, அதுதான் அவள் கவலை. "இந்த வருசம் போகமாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுண்ணே" என்று பலமுறை கேட்டுவிட்டாள். "பாப்போம்" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஊர்க் கூட்டாளி ஒருவன் அவரைப் பார்க்க வந்தான். நாட்டு வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி வந்திருந்தான், நல்ல பிள்ளை. என் மனைவி காபி கொண்டுவந்து வைக்கும்போது அவன் சாதாரணமாகக் கேட்டான்.

"அண்ணே, நம்ம பேரெல்லாம் ஏத்துக்கிட்டாங்க. பொங்கலன்னைக்குக் காலையில மெடிக்கலுக்கு ரெண்டு பேரும் ஒண்ணாவே போயிருவோமா?"

மாடு பிடிக்கிறவர்கள் முன்கூட்டியே கம்ப்யூட்டரில் பதிய வேண்டும், இறங்கும் அன்று காலையில் டாக்டர் பார்த்து அனுமதிக்க வேண்டும். மச்சான் பதிந்துவிட்டார். எங்கள் வீட்டில் எங்கள் சோற்றைத் தின்றுகொண்டு, எங்கள் தோளைப் பிடித்து நடந்து பழகி, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் பதிந்துவிட்டார். எனக்கு நடு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. அந்தப் பையனுக்கு எதுவும் புரியவில்லை, என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். என் மனைவி காபித் தட்டைக் கீழே வைக்கவும் இல்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. அப்படியே நின்றாள். மச்சான் பெட்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அவன் போன பிறகும் அவள் சத்தம் போடவில்லை. அண்ணனிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். என்னிடம் மட்டும் ஒன்று சொன்னாள். "அந்தப் பொட்டிய மட்டும் அண்ணன் கையில இருந்து வாங்கிறாதீங்க. அதுலயாச்சும் கவனம் இருக்கட்டும்."

அன்றைக்கிலிருந்து என் புத்தி தலைகீழாகிவிட்டது. ஒரு வருசத்துக்கு மேலாக அந்த வெள்ளை வர வேண்டும் என்று இருந்தவன் நான். இப்போது சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது அது வந்திருக்கக் கூடாது என்று மீனாட்சியை வேண்டிக்கொண்டு நுழைந்தேன். வந்துவிட்டால், பிடித்துவிட்டால், மச்சானுக்கு வீட்டில் உட்கார ஒரு காரணமும் இருக்காது. "கிடைச்சுதா?" என்று கேட்பேன். "இல்ல மாப்ள, பழுப்புதான்" என்பார். அப்பாடா என்று இருக்கும். வெளியே காட்டிக்கொள்ளாமல் உச்சுக் கொட்டுவேன்.

பொங்கலன்று விடிந்ததும் மைக் செட் அலறத் தொடங்கியது. எங்கள் தெருவே அடைத்துக் கிடந்தது. என் மனைவி வாசலில் பால் பொங்க வைத்துவிட்டு உள்ளே வந்து கதவோரம் உட்கார்ந்தாள். கதவைப் பூட்டலாமா என்று என்னிடம் கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்றேன். வளர்ந்த மனிதரை வைத்துப் பூட்ட முடியுமா? ஆனால் நானும் நாற்காலியை நகர்த்தி வாசல் பக்கமாகத்தான் போட்டுக்கொண்டேன்.

மச்சான் குளித்து, விபூதி பூசி, புது வேட்டி கட்டி, கட்டிலில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். மைக்கில் கோயில் மாடு வருகிறது, யாரும் தொடாதீர்கள் என்று சொன்னபோது பெட்டியை மடியில் வைத்துவிட்டுக் கை கூப்பினார். அதற்குப் பிறகு ஒன்றன் பின் ஒன்றாக மாடுகள். எந்த ஊர் மாடு, யார் மாடு, பிடிமாடா, மாடு வெற்றியா என்று வீட்டுக்குள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மாட்டுக்கும் அவர் கால் கட்டை விரல் மட்டும் தரையில் அழுந்தியது. எனக்கு அந்த விரலைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

பத்து மணி வாக்கில் அவர் போன் அடித்தது. அந்தக் கூட்டாளிதான். அவன் குரல் எனக்கும் கேட்டது. "அண்ணே, மெடிக்கல் முடிஞ்சு களத்துல எறங்க மஞ்சப் பனியன் குடுத்துட்டாய்ங்க. ஒங்களத்தான் தேடுறோம். எங்க இருக்கீங்க?"

என் மனைவி எழுந்து நின்றுவிட்டாள்.

மச்சான் பெட்டியைப் பார்த்தபடியே சொன்னார். "இல்லடா. மாப்ளைக்கு ஒரு மாடு பாக்கி இருக்கு. அத விட்டுட்டு வர முடியாது. நீங்க பாத்து எறங்குங்க. கால்ல கவனம்."

போனை வைத்துவிட்டார். ஒரு விளையாட்டுப் பொம்மை ஒரு மனிதனை வாடிவாசலுக்குப் போகவிடாமல் பிடித்து வைத்துவிட்டதே என்று அதிசயமாக இருந்தது. அவள் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மார்கழியிலிருந்து பேசாதவள், "அண்ணே, பொங்கல் எடுத்து வைக்கவா?" என்று கேட்டாள். "வையி" என்றார்.

சாயங்காலம் கடைசி மாடும் போய், பரிசு அறிவிப்பெல்லாம் முடிந்து, மைக் செட்டை நிறுத்தினார்கள். காது திடீரென்று காலியான மாதிரி இருந்தது. மச்சான் பெட்டியை என்னிடம் நீட்டினார்.

"இந்தா மாப்ள. ஒன் மாடு."

திரையில் வெள்ளை நின்றுகொண்டிருந்தது. பால் வெள்ளை, கொம்பு மட்டும் லேசான பொன் நிறம். நட்சத்திரம் தெறித்தது. பிடித்த விலங்குகளின் வரிசையில், எனக்குச் சொந்தமாக. நான் குதித்திருக்க வேண்டும், கத்தியிருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான், இன்று முழுக்க நான் எதிரேதானே உட்கார்ந்திருந்தேன், எப்போது பிடித்தார்? கீழே பிடித்த தேதி போட்டிருந்தது. கணக்குப் பார்த்தால் மார்கழி. அந்தக் கூட்டாளி வந்துபோன மறுநாள்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். தேதியைக் காட்டினேன். அவளுக்கும் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. இத்தனை நாளும் இவர் தேடவே இல்லை. பிடித்த மாட்டைக் கட்டி வைத்துவிட்டு, சும்மா புல்லுக்குள் நடந்துகொண்டிருந்திருக்கிறார். தினமும் என்னிடம் பழுப்புதான் என்று பொய் சொல்லியிருக்கிறார்.

"ஏன் மச்சான் சொல்லல?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. தங்கையையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்கு வரைக்கும் போறதாத்தான் இருந்தேன். மறுநா இது வந்து நின்னுச்சு. நீ சொல்லிக் குடுத்த மாதிரியே தூங்க வச்சேன். பந்த வீசணும். கை நடுங்குது மாப்ள. அமுக்க முடியல. பொம்ம மாடு, அதுவும் தூங்குது, அதுக்கே எனக்குக் கை நடுங்குது. நெஞ்சு அடிக்கிறது காதுல கேக்குது. கண்ண மூடிக்கிட்டுத்தான் அமுக்குனேன். அப்பவே தெரிஞ்சுபோச்சு. எனக்குப் பயம் வந்துருச்சு."

வேட்டி மடிப்பை நீவிவிட்டுக்கொண்டு மேலும் சொன்னார்.

"பயமா இருக்குன்னு ஊர்ல எவன்கிட்டச் சொல்லுவேன்? கால் சரியில்லன்னு சொன்னா, நடக்குறேல்லம்பாய்ங்க. இது கிடைச்சிருச்சுன்னு சொன்னா நீ வாங்கிக்கிருவ. அப்புறம் அவிங்க கூப்புடும்போது நான் என்னத்தச் சொல்றது?"

பன்னிரண்டு வயதிலிருந்து மாட்டின் முன்னால் நின்ற மனிதர். அவர் வீட்டில் மாடு பிடித்த பரிசாக அண்டாவும் சைக்கிளும் பீரோவும் வாங்கிக் குவித்து வைக்க இடமில்லாமல் கிடக்கின்றன. அவர் வாயிலிருந்து பயம் என்ற சொல் வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. எங்கள் இருவரையும்விட அவருக்குத்தான் அதைக் கேட்டு அதிகம் அதிர்ச்சி என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. என் மனைவி அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, கம்பி வைத்த தொடையின் மேல் கையை வைத்துக்கொண்டாள். அவர் அழுதார். சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை மாதம் ஏங்கிய அந்த வெள்ளை எனக்கு அப்போது கொஞ்சமும் பொருட்டாக இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார். பிறகு, பட்டறைக்கு வந்து ஒரு சாமான் இருக்கிறதா என்று விசாரிக்கிறவர் போல என்னிடம் கேட்டார்.

"மாப்ள, இதவிடக் கஷ்டமான மாடு ஏதாச்சும் அதுக்குள்ள இருக்கா? ஒரு வருசத்துக்கு ஆப்புடாத மாதிரி?"

"இருக்கு மச்சான்" என்று உடனே சொன்னேன். அப்படி ஒன்று இருக்கிறதா என்று எனக்கு அப்போது தெரியாது.